சவர பிளேடால் சீவிய கேபிள்

எழுபதுகளில் தருமபுரியில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் வயர்லெஸ் மெக்கானிக். ஒகேனக்கல்லில் எங்களுக்கு ஒரு வயர்லெஸ் அறை இருந்தது. மேலே கர்நாடகத்தில் அணையைத் திறந்தால் அங்கே செய்தி வரும். உடனே பரிசல்காரர்களை எச்சரிக்க வேண்டும். ஆனால் மழை பிடித்தால் செட் ஊமையாகிவிடும்.

கோளாறு எப்போதும் ஒரே இடத்தில்தான், ஏரியலிலிருந்து இறங்கும் கோஆக்சியல் கேபிளின் முனையில். அதன் நடுவில் ஒரு செம்புக் கம்பி, சுற்றிலும் பிளாஸ்டிக், அதன்மேல் செம்பு வலை. வலையின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டால் போதும், எல்லாம் போச்சு. இந்த நுணுக்கமான வேலைக்கு எனக்குக் கொடுத்திருந்தது ஒரு பேனாக்கத்தி. அது மழுங்கியதும் சவர பிளேடு. முனையை ஈயத்தால் பற்றவைக்க, அடுப்பில் சுடவைக்கும் பழைய இரும்பு. கூரைக்கு ஏறுவதற்குள் ஆறிவிடும். ஈயம் சரியாக ஒட்டாது, தண்ணீர் இறங்கும், நான் மறுபடி பஸ் ஏறுவேன்.

நல்ல கருவி கேட்டு மூன்று முறை எழுதினேன்.

"இத்தன நாளு பிளேடுலதானே சீவுனீங்க? இப்ப என்ன புதுசா?" என்றார் அதிகாரி.

ஓர் ஆடி மாதக் காலையில் செட் மறுபடி அடங்கியது. நான் போய்ச் சேர்வதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. கரையில் கட்டியிருந்த இரண்டு பரிசல்கள் அடித்துக்கொண்டு போயின. அதில் ஒன்றுக்குச் சொந்தக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க மிசினு பேசறதுக்குள்ள ஆறே வூட்டுக்குள்ள வந்து சொல்லிட்டுப் போயிடுதுங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வாரமே பெங்களூர் போனேன். கேபிளை இழை பிசிறாமல் சீவும் கருவி, முனையை அழுத்திப் பொருத்தும் இடுக்கி, இரண்டையும் வாங்கினேன்.

"ஆபீசு வேலைக்கு வூட்டுக் காசா?" என்றாள் மனைவி.

பழைய முனைகளை வெட்டி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகப் பொருத்தினேன். அந்த மழைக்காலம் முழுக்க ஓர் இணைப்பும் விட்டுப்போகவில்லை. ஒரு மதியம் அணை திறந்த செய்தி தெளிவாக வந்தது. ஆபரேட்டர் ஓடிப்போய்க் கத்த, அத்தனை பரிசல்களும் கரையேறின.

மூன்றாம் மாதக் கடைசியில் அதிகாரி கூப்பிட்டார். "மூணு மாசமா ஒகேனக்கல் பக்கமே போகலியே நீங்க? எழுத்துல வெளக்கம் குடுங்க."

'கேபிள் நன்றாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தேன். 'யாருடைய அனுமதியோடு நன்றாக இருக்கிறது?' என்று கேட்டு, அது திரும்பி வந்தது.