அறுந்துபோகாத ஒயர்

பேருந்தில் யாருக்கும் தொந்தரவில்லாமல் பாட்டு கேட்பதுதான் எனக்கிருக்கும் ஒரே சுகம். அன்று வாலாஜாபாத் போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரைஸ்மில் வாட்ச்மேன் நான் ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்த இயர்போனைப் பார்த்தார்.

"இன்னா நைனா, ஒத்தக் காதுதான் பாடுதா?"

"ஆமாண்ணா, அடிக்கடி ஒயர் அறுந்துடுது" என்றேன் கூச்சத்தோடு.

அவர் காக்கிச் சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்தார். போனில் செருகும் முனையில் பேனா ஸ்பிரிங் சுற்றியிருந்தது.

"துணி சுத்துன ஒயரா பாத்து வாங்கு. ஒயரப் புடிச்சி இழுக்காத. என்னுது வருஷக்கணக்கா அப்டியே கீது பாரு."

பிறகு அதை வட்டமாகச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, பேருந்துக்கே கேட்கும்படி போனில் பாட்டு வைத்தார்.

"அதுல கேக்கமாட்டீங்களாண்ணா?"

"கேட்டா கெட்டுப் பூடும்பா."

அவர் சொன்னபடியே வாங்கி, ஸ்பிரிங்கும் சுற்றினேன். கொஞ்ச நாள்தான் கூடுதலாக உழைத்தது. என்ன செய்வது, அதில் நான் பாட்டு கேட்டுவிட்டேன்.