இளைக்காத கால்கள்

குற்றாலத்தில் ஓர் எண்ணெய்ச் சிகிச்சை நிலையத்தில் பெண்களுக்கு உடம்பைப் பிடித்து உழிச்சல் செய்வது என் வேலை. சீசன் வந்துவிட்டால் கை ஓயாது. மேசையில் படுக்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: நல்லா அழுத்தி விடுங்க. அழுத்தினால்தான் வைத்தியம் என்பது இந்த ஊர் நியாயம். அருவியே இங்கே முதுகில் அறைந்துதானே பேர் வாங்கியிருக்கிறது! என் கைக்கும் அப்படி ஒரு பேர் உண்டு. அந்தக் கையை வைத்துக்கொண்டு என் அம்மாவுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் போயிற்று.

அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். அறுவை முடிந்து, மருந்து ஏற்றி, கொட்டிய முடி திரும்ப முளைத்து, இனிப் பயமில்லை என்று நாங்கள் மூச்சு விட்ட பிறகு நோய் எலும்புக்கு வந்துவிட்டது. உடம்பு உருகத் தொடங்கியது. தோளில் ஜாக்கெட் நிற்கவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. கால்கள் மட்டும் இளைக்கவில்லை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எப்போதும் போல உரல் மாதிரி கனமாகவே இருந்தன.

பார்க்க வந்தவர்களுக்கு அந்தக் கால்கள் பெரிய ஆறுதல். எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போக மாட்டார்கள். போர்வையை விலக்கி ஆடுசதையைப் பிடித்துப் பார்த்து ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். பாவூர்சத்திரத்திலிருந்து வந்த அத்தை, அப்பாவின் தங்கை, அழுத்திப் பிடித்துப் பார்த்துவிட்டு, "காலு நல்லா சதை பிடிச்சிருக்கு மைனி, தேறிருவிய" என்றாள். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தை பிடித்த இடம் சாயங்காலத்துக்குள் கன்றிப்போயிருந்தது.

அம்மாவின் கால் எங்கள் வீட்டில் தீராத வழக்கு. நான் பிறந்த பிறகுதான் இப்படி ஊதியது என்பார்கள். தின்று கொழுத்தது என்று எல்லாருமாக முடிவு கட்டிவிட்டார்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குக் கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல், கொள்ளுக் கஞ்சி. எங்களுக்குத் தோசை வார்த்துப் போட்டுவிட்டு அவள் வெந்நீர் குடித்துப் படுத்துக்கொள்வாள். சீசனுக்குச் சீசன் அத்தை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் கனமாக விழுகிற இடமாகப் பார்த்துக் காலைக் காட்டி நிற்க வைப்பாள். கொழுப்பு கரையுமாம். நீலம் பாய்ந்த காலோடு அம்மா தென்காசி பஸ்ஸில் ஏறி வந்து சேருவாள்.

நோய் வந்ததும் அதே அத்தை எள்ளுருண்டை கொண்டுவந்தாள். மேல்பாதிக்கு எள்ளு, கீழ்ப்பாதிக்குக் கொள்ளு என்று பிரித்தா ஊட்ட முடியும்? ஆனால் அம்மா ஏறக்குறைய அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். உடம்பில் வலு இருந்தால்தான் அடுத்த மருந்தை ஏற்ற முடியும், எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா இரண்டு கவளத்தோடு தட்டைத் தள்ளிவிடுவாள். கெஞ்சினால், கால் இன்னும் அப்படியேதானே இருக்கிறது என்பாள். பசியை நோய் பாதி தின்றது, ஆயுசுப் பழக்கம் மீதியைத் தின்றது. அவள் சாப்பிட்டால் போதும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு வேண்டுதல் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் புற்றுநோயாளிகளைத் தொட்டு நீவுவதற்கு ஒரு பயிற்சி நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அங்கே முதலில் என் கையைத்தான் குறை சொன்னார்கள். அக்குளில் நெறி கட்டுகிற இடத்தில் சதையை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கையை அழுத்தக் கூடாது. எலும்பில் நோய் இருந்தால் அழுத்தம் என்ற பேச்சே கூடாது, ஒடிந்துவிடும். நம் கையின் கனம் போதும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்றார் பயிற்சி கொடுத்த பெண்மணி. கனிந்த பப்பாளியைக் கொடுத்து, தோலில் தடம் விழாமல் நீவிக் காட்டச் சொன்னார். என் பழம் முதல் தடவையிலேயே குழைந்துவிட்டது.

வீக்கங்களைப் பற்றிப் பேசும்போது திரையில் ஒரு படம் போட்டார். பெண்ணின் கால்கள். இடுப்பிலிருந்து கனத்து இறங்கி, கணுக்காலில் ரப்பர் போட்டுக் கட்டியது போல் நின்றிருந்தன. பாதம் மட்டும் மெலிவு. அங்கங்கே கன்றல். என் அம்மாவின் காலை யாரோ படம் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள் என்றே நினைத்தேன். லிப்பிடீமா என்று பேர் சொன்னார். பெரும்பாலும் பெண்களுக்கே வருகிறது, தாய்வழியிலும் இறங்குகிறது, தொட்டாலே வலிக்கும், பட்டினி கிடந்தால் மற்ற இடமெல்லாம் இளைக்கும், இது இளைக்காது. ஏன் என்று இப்போதுதான் ஆராய்கிறார்களாம்.

இடைவேளையில் போனில் இருந்த அம்மாவின் படத்தைக் காட்டினேன். படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, அப்படித்தான் தெரிகிறது, டாக்டரிடம் கேளுங்கள் என்றார். இதற்கு என்ன வைத்தியம் என்றேன். இறுக்கமான காலுறை, மெல்லிய நீவல், சிலருக்கு அறுவை என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அம்மாவின் எலும்பு விஷயத்தைச் சொன்னதும் நிறுத்திவிட்டார். திருநெல்வேலியில் அம்மாவைப் பார்க்கும் டாக்டரும், இருக்கலாம்மா, ஆனால் இப்போது அதைப் பார்த்து என்ன செய்யப் போகிறோம் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனாலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வந்து, கற்றுக்கொண்ட மாதிரியே அம்மாவின் காலை நீவினேன். "ஏட்டி, தூசியா தட்டுத? இதுக்கா மதுரைக்குப் போன?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தச் சிரிப்பிலேயே சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன். இது ஒரு நோய், இதற்குப் பேர் இருக்கிறது, தின்றதால் வந்தது இல்லை, பட்டினி போட்டாலும் போகாது, அதனால் பயப்படாமல் சாப்பிடு என்றேன். இதைச் சொன்னால் தட்டை இழுத்து வைத்துக்கொள்வாள் என்று உண்மையிலேயே நம்பினேன்.

அம்மா தன் காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்போ நான் திங்காம கெடந்ததெல்லாம்?"

தாய்வழியில் வருவது, யார் மேலும் குற்றமில்லை, நம் டாக்டர்களிலேயே பலருக்குத் தெரியாது என்றெல்லாம் பஸ்ஸிலேயே பதில்களைக் கோத்து வைத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு அவற்றில் ஒன்றும் பொருந்தவில்லை. கொள்ளு அரைத்துக் கொடுத்த வீட்டின் மேல், அத்தையின் மேல், இத்தனை வருஷம் இதைக் கண்டுபிடிக்காமல் இருந்த உலகத்தின் மேல் கோபம் வந்து என்ன பிரயோஜனம்? திரும்பக் கொடுக்க முடிகிற சோறா அது? நான் காலை நீவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அம்மா தானாகவே பரோட்டா வேண்டும் என்றாள். வீட்டில் எல்லாரும் ஆடிப்போனோம். தம்பி செங்கோட்டை ரோட்டுக்கு வண்டியை விரட்டிக்கொண்டு போய், கோழிச் சால்னாவோடு வாங்கிவந்தான். தலையணைகளை அண்டைகொடுத்து உட்கார வைத்தோம். அம்மா சின்னதாக ஒரு துண்டு பிய்த்து, சால்னாவில் ஊற வைத்து வாயில் போட்டாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். மருந்தினால் வாயெல்லாம் புண். தொண்டை வாங்கவில்லை. என் கையை இழுத்து அதில் உமிழ்ந்தாள். போகட்டும்மா, அப்புறம் பாலில் ஊற வைத்துத் தருகிறேன் என்றேன்.

"அப்பல்லாம் எனக்கு எவ்வளவு பசிக்கும் தெரியுமாட்டி" என்றாள் அம்மா.