கூண்டுகளைக் கழற்றச் சொன்ன திங்கட்கிழமை

பர்ஸ்லம் ஊர்ப் பீங்கான் பட்டறையில் கெசியா ப்ளூருக்கு என் பக்கத்து மேசை. தட்டு விளிம்புகளில் நீலக்கொடி வரைவாள். கைவேலை சுத்தம், வாய்தான் பொல்லாதது. அப்போது நாங்கள் எல்லோருமே கவுனுக்கு அடியில் எஃகு வளையங்கள் கோத்த உள்பாவாடை கட்டுவோம். எங்கள் பேச்சில் அதற்குக் கூண்டு என்று பெயர். வாசலில் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும், ஏமாந்து உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கி மானத்தை வாங்கிவிடும். ஆனாலும் கட்டினோம். சீமாட்டிகள் மட்டும்தான் கட்ட வேண்டுமா என்ன?

அந்த வசந்தத்தில் கெசியா அழகுக்காகக் கட்டவில்லை. அவளுக்கு ஐந்தாம் மாதம். அவளைக் கட்டிக்கொள்ள இருந்த சூளைக்காரன் ஏமஸ், கல்யாணத்துக்கு முன்பே மார்ச்சளி கண்டு செத்துப்போனான். விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"தெரிஞ்சா தொரத்திடுவாங்க, எப்ஸி. அப்புறம் ஏழை விடுதிதான். அங்க புள்ளையப் பிரிச்சு வச்சுடுவாங்க. ஏமஸ் எனக்குன்னு விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதாண்டி. ஆகஸ்ட் திருவிழா லீவுல பெத்து அம்மாகிட்ட குடுத்துட்டு வந்துடுவேன்."

"அதுவரைக்கும் மறைச்சுடுவியா?"

"இந்தக் கூண்டுக்குள்ள ஒரு பன்னியவே மறைக்கலாம். நீ வாயத் தொறக்காம இருந்தா போதும்."

அந்த வாரம்தான் முதலாளியின் மனைவி விருந்தாளிகளோடு பட்டறையைப் பார்க்க வந்தாள். திரும்பியபோது அவளுடைய கூண்டு பட்டு, ஒரு பலகையில் அடுக்கியிருந்த தட்டுகள் எல்லாம் சரிந்து நொறுங்கின. "ஐயோ பாவம்" என்று சிரித்துவிட்டுப் போனாள். திங்கட்கிழமை பூத் என்கிற மேஸ்திரி வாசலில் நின்றான்.

"இனிமே கூண்டக் கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் உள்ள போகணும். முடியாதவ வீட்டுக்குப் போகலாம்."

உடைத்தது யார், கழற்றுவது யார்! நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

"எசமானியம்மா கூண்டுக்கும் ஆணி அடிச்சாச்சாய்யா?" என்று கேட்டாள் கெசியா. எல்லோரும் சிரித்தோம். பூத் சிரிக்கவில்லை.

கெசியா என்னை இழுத்துக்கொண்டு கரிக்கொட்டகைக்குள் போனாள். கூண்டைக் கழற்றினாள். உள்ளே திமிங்கில எலும்பு வைத்துத் தைத்த கச்சு, தளர்வாகக் கட்டியிருந்தது.

"இழுத்துக் கட்டுடி."

"மாட்டேன். புள்ள நசுங்கிடும்டி!"

"எங்கம்மா கச்சோடதான் என்னையச் சுமந்தா. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

நான் அசையவில்லை. முதுகுக் கயிற்றைச் சுவர்க் கொக்கியில் மாட்டி, தானே முன்னால் நடந்தாள். கயிறு இறுக இறுக அவள் முகம் வெளுத்தது. வயிறு உள்ளே போய்விட்டது. அதன்பிறகு தினமும் காலையில் இதே கதைதான். நான் கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். "புள்ளைக்காகத்தாண்டி" என்பாள்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை வேலையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் பிள்ளை பிறந்தது. ஆண். மூச்சில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்று பாதிரி பெயரைக்கூடக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள். பால் கட்டிய மாரில் துணியை இறுக்கிச் சுற்றியிருந்தாள்.

"எதுக்கு லீவு?" என்றான் பூத்.

"வயித்துவலி, ஐயா."

"சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

வேலை போகவில்லை. சாகும்வரை அதே மேசையில்தான் உட்கார்ந்தாள். அம்மாவும் போன பிறகு, அந்த வேலையில் வந்த ரொட்டியைத் தின்ன வீட்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.