வாளித்தலையன் விழுந்த ஞாயிறுகள்

என் அண்ணாவைக் கிரேனிலிருந்து இறக்கியது நான்தான். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள், ஏனென்றால் நடந்தது மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். மற்ற இரண்டு பேரும் வாய் திறக்காத ஆட்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அண்ணா துறைமுகத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவர். கொட்டாஞ்சேனையில் அவர் குடியிருக்கும் மேல்மாடி வீட்டின் பின் ஜன்னலைத் திறந்தால், கூரைகளுக்கு மேலாக அந்தக் கிரேன்களின் கழுத்துகள் தெரியும். கப்பலிலிருந்து கொண்டெய்னரைத் தூக்கிக் கீழே நிற்கும் லொறியில் வைப்பது அவர் வேலை. "லீவரை இப்ப அசைச்சா பெட்டி பிறகுதான் அசையும். கை முன்னுக்குப் போகோணும், பெட்டி பின்னால வரும்" என்று சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலைத் தூக்கிப் பிடித்து விளக்குவார். "ஓம் ஓம், நீங்க இல்லாட்டி ஹார்பரே கடலுக்குள்ள போயிரும்" என்பேன் நான். எங்கள் வீட்டில் பாசத்தை இப்படி வாய்காட்டித்தான் சொல்லிப் பழக்கம்.

ஐம்பது தாண்டிய கையோடு அவருடைய வலது பெருவிரல் தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியது. பார்க்கின்சன் என்றார் டொக்டர். ஆரம்பக் கட்டம்தான், குளிசையோடு கன காலம் சமாளிக்கலாம் என்றும் சொன்னார். அண்ணா குளிசையைப் போட்டார், வேலையிடத்தில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. மச்சாளுக்கு, அதாவது அவருடைய மனைவிக்கு, அது பொறுக்கவில்லை. "கீழ நிக்கிறது ஊரான் பெத்த பிள்ளையள். அதுகளின்ட தலையில பெட்டியைப் போட்டா கர்த்தருக்கு என்ன பதில் சொல்லுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அண்ணா குளிசைப் போத்தலை மூடி வைத்துவிட்டு எழும்பிப் போவார். ஆனால் அவர் பொறுப்பில்லாத மனிதர் இல்லை. தனக்கென்று ஒரு பரீட்சையை அவர் வைத்திருந்தார், அது எனக்கும் தெரியும்.

சின்ன வயதில் அப்பா புறக்கோட்டையில் வாங்கி வந்த டிவி கேம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் தலையில் வாளி கவிழ்த்த ஒரு குட்டி மனிதன் ஓடுவான். வாளித்தலையன் என்று பெயர் வைத்தோம். அவனுக்கு ஒரு பாலம் வரும். பாலத்தில் ஏழு இடத்தில் பலகை இல்லை. விளிம்பு வரைக்கும் ஓடிப்போய்க் கடைசிக் கணத்தில் பொத்தானை அமத்த வேண்டும். முந்தினாலும் விழுவான், பிந்தினாலும் விழுவான். எனக்கு நாலாவது பள்ளம் தாண்டவே வருஷக் கணக்கானது. அண்ணா என்னோடு சண்டை பிடித்துக்கொண்டே ஏழையும் தாண்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் வெள்ளவத்தையில் கல்யாண அழைப்பிதழ் அடிக்கும் ஒரு இடத்தில் கணினியில் வடிவமைப்புச் செய்கிறவள். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு அந்தப் பழைய விளையாட்டைத் தேடிப் பிடித்து, ஒரு பழைய கணினியில் போட்டு, அண்ணாவின் டிவியில் மாட்டிக் கொடுத்தேன். சும்மா சிரிக்கத்தான் கொடுத்தேன். கை வருத்தம் வந்த பிறகு அவர் அதைத் தராசாக்கிவிட்டார். "டொக்டர் விரலை விரலோட தட்டிக் காட்டச் சொல்லுறார். அது ஆருக்கும் ஏலும். எனக்கு இந்தப் பாலம்தான் கணக்கு. மூண்டு ஞாயிறு அடுத்தடுத்து விழுந்தா, நான் அதுக்குப் பிறகு கிரேன்ல ஏற மாட்டன். நீதான் சாட்சி" என்றார்.

நான் சரி என்றேன். மச்சாளின் பக்கம் நின்றிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது என்னால் முடியவில்லை. கிரேன் இல்லாத அண்ணாவை எனக்கு நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

எட்டு மாதம் ஒரு ஞாயிறும் விடாமல் போனேன். காலி வீதியில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, கையில் கட்லட் பார்சலோடு படியேறுவேன். அண்ணா பூசை முடிந்து வந்து, உடுப்பு மாற்றிச் சாரம் கட்டி, கதிரையை டிவிக்கு முன்னால் இழுத்துப் போடுவார். ஒரே ஒரு தரம்தான் விளையாடுவார். அந்த அரை நிமிஷம் நான் பள்ளங்களை விரல்விட்டு எண்ணுவேன். ஏழாவது பள்ளமும் தாண்டியதும் கொன்ட்ரோலரை என் மடியில் போட்டு, "சரி, நாளைக்கும் வேலை" என்பார். குசினிக்குள்ளிருந்து மச்சாள் சட்டியை டமார் என்று வைக்கும் சத்தம் கேட்கும்.

பிறகு பெரிய டிவி ஒன்று வாங்கினார்கள். பழைய விளையாட்டு பெரிய திரையில் வெட்டி வெட்டி ஓடியது. "கண் உளையுது, தங்கச்சி" என்றார் அண்ணா. அவ்வளவுதான் சொன்னார். எனக்கோ இந்த விஷயத்தில் கை சும்மா இருக்காது. இணையத்தில் தேடியபோது, ஃபிரேம் ஜெனரேஷன் என்று ஒன்றை ஆளாளுக்குப் புகழ்ந்து வைத்திருந்தார்கள். பழைய விளையாட்டு ஒரு விநாடிக்குக் கொஞ்சப் படங்களைத்தான் வரையும். இந்த மென்பொருள் ஒரு படத்தையும் அடுத்த படத்தையும் பார்த்து, நடுவில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து, இல்லாத ஒரு படத்தைத் தானே செய்து இடையில் செருகும். அசைவு எண்ணெய் பூசின மாதிரி வரும். அண்ணா பூசைக்குப் போயிருந்த நேரத்தில் அதைப் போட்டு முடித்தேன். வாளித்தலையன் ஓடுவதைப் பார்க்க எனக்கே கண் கலங்கியது.

அண்ணா வந்து பார்த்தார். "அட, வழுக்கிக்கொண்டெல்லோ போறான்" என்று சிரித்தார். கதிரையை இழுத்தார். முதலாவது பள்ளத்தைத் தட்டுத்தடுமாறித் தாண்டினார். இரண்டாவதில் விழுந்தார்.

"புதுசு தானே, பழக்கமில்ல" என்றேன். "ஓம்" என்றார்.

அடுத்த ஞாயிறும் இரண்டாவதில் விழுந்தார். அதற்கடுத்த ஞாயிறு முதலாவதிலேயே. பொத்தானை அவர் அமத்துவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்கு அது சரியான நேரம் போலத்தான் பட்டது. வாளித்தலையன் என்னமோ விளிம்பைத் தாண்டிய பிறகுதான் துள்ளினான். அதைப் பார்த்தும் என் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. "ஒருக்கா அந்தப் புதுசை நிப்பாட்டிப் பாப்பமே" என்று ஒரு சொல், வெறும் ஒரு சொல், என் வாயில் வரவில்லை. அவ்வளவு அழகாக ஓடிக்கொண்டிருந்தது அந்தப் படம்.

அண்ணா கொன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படத்தில ஒரு பிழையும் இல்ல. முந்தியெண்டா வெட்டுது, அதாலதான் எண்டு சொல்லலாம். இப்ப அதுவும் இல்ல. கைதான்" என்றார். மச்சாள் குசினி வாசலில் வந்து நின்றார். அந்த நேரம் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன், அதற்காக அவர்மேல் எனக்குக் கோபமும் வந்தது.

திங்கட்கிழமை அண்ணா வேலையிடத்தில் கடிதம் கொடுத்தார். கை வருத்தத்தைச் சொன்னார், பரிசோதனைகள் நடந்தன, சுகவீனம் காரணமாக வேலையிலிருந்து விலக்கினார்கள். கூட வேலை செய்தவர்கள் வீட்டுக்கு வந்து கேக் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் பின் ஜன்னலில்தான். பகலெல்லாம் அந்தக் கிரேன்களைப் பார்த்துக்கொண்டு இருப்பார். எந்தக் கிரேனை யார் ஓட்டுகிறார்கள் என்று அசைவை வைத்தே சொல்வார். கொஞ்ச நாளில் அதையும் சொல்வதை நிறுத்தினார். நடை சிறுத்தது. சேவ் எடுப்பதில்லை. நான் கொண்டுபோகும் கட்லட் பார்சல் பிரிக்காமலே கிடக்கும்.

ஐந்தாறு மாதம் கழித்து, வெள்ளவத்தையில் என் அறையில் அதே விளையாட்டை, அதே மென்பொருளோடு எனக்கென்று போட்டேன். அண்ணாவின் ஞாபகத்தில்தான். முதலாவது பள்ளத்தில் விழுந்தேன். திரும்பவும் விழுந்தேன். எனக்குப் பார்க்கின்சன் இல்லையே என்று ஒரு யோசனை ஓடியது. மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, முதல் தடவையாக ஆறுதலாக, ஒரு வரி விடாமல் வாசித்தேன். நடுப்படத்தைச் செய்ய வேண்டுமென்றால் அடுத்த படம் முதலில் கையில் வர வேண்டும். அதனால் வந்த படத்தை உடனே காட்டாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். நாம் திரையில் பார்ப்பது எப்போதும் கொஞ்சம் முந்திய நேரத்துப் படம்; நாம் அமத்தும்போது வாளித்தலையன் உள்ளே விளிம்பைத் தாண்டியிருப்பான். விரல் வேகம் முக்கியமான விளையாட்டுகளுக்கு இதை நிறுத்தி வைக்கவும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அன்றைக்குக் கொட்டாஞ்சேனையில் நான் வாசிக்காமல் சரி, சரி என்று அமத்திக்கொண்டு போன அதே பக்கம்.

ஞாயிறு வரும்வரை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. போனதும் முதல் வேலையாக அந்த மென்பொருளை நிறுத்தினேன். "அண்ணா, ஒருக்கா விளையாடுங்க" என்றேன்.

"என்னத்துக்கு? முடிஞ்ச கதை."

"எனக்காக ஒருக்கா."

வேண்டாவெறுப்பாகக் கதிரையை இழுத்தார். படம் பழையபடி வெட்டி வெட்டி ஓடியது. அவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று தாண்டினார். ஐந்தாவது தாண்டும்போது மச்சாள் அகப்பையோடு வந்து நின்றார். ஏழாவதும் தாண்டினார். கை ஆடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பொத்தானை அமத்த வேண்டிய கணத்தில் அமத்தியது.

"என்ன செய்தனீ?" என்று அண்ணா கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க முன்னமே அழுதுவிட்டேன். "இருபத்தைஞ்சு வருஷம் பிந்தி வாற பெட்டியோட வேலை செய்தனீங்க. இது உங்களுக்குமா விளங்கேல்ல?" என்று கேட்டும் வைத்தேன், என் பிழையில் பாதியை அவர் தலையில் கட்டப் பார்த்தேன்.

"பெட்டி ஆடுறது கண்ணுக்குத் தெரியும், தங்கச்சி. இதில ஒண்டும் தெரியேல்லயே" என்றார்.

மச்சாள்தான் பிறகு பேசினார். "எனக்கு இப்பவும் நீங்க இறங்கினது சரியாத்தான் படுது. கோவிக்காதீங்க." அண்ணா அவரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். அப்படியே என்னிடம், "இதை நீ சொல்லாம விட்டிருக்கலாம்" என்றார்.

அது உண்மை. அவருக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். என் நெஞ்சுப் பாரத்தை இறக்கத்தான் போயிருக்கிறேன். போன வேலை திரும்பி வரப்போவதில்லை. கை சரியாக இருந்தது என்ற ஒன்றைத்தான் அவரிடம் புதிதாகக் கொடுத்துவிட்டு வந்தேன், அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவரே கதிரையை இழுத்தார். கொஞ்ச மாதம் ஏழையும் தாண்டினார். பிறகு ஆறு. பிறகு நாலு. இப்போது பிழை கையில்தான், அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஒரு நாள் இரண்டாவதில் விழுந்ததும் கொன்ட்ரோலரை வைக்காமல், "அந்த வழுக்கலைத் திருப்பிப் போடு" என்றார். எனக்கு விளங்கியது. போட்டேன். அடுத்த தரம் முதலாவதில் விழுந்துவிட்டு, "மெஷின் பிந்துது" என்றார். "ஓம் அண்ணா" என்றேன். அன்றைக்கு அவர் கட்லட் இரண்டு சாப்பிட்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போகிறது. அவர் விழுவார், மெஷின் பிந்துது என்பார், நான் ஓம் என்பேன். போன ஞாயிறு நான் போனபோது கணினி தன்பாட்டில் எதையோ புதுப்பித்துக்கொண்டிருந்தது. அது முடிந்து விளையாட்டைத் திறந்ததும், வாளித்தலையன் வெட்டி வெட்டி ஓடினான், எங்கள் சின்ன வயதில் ஓடின மாதிரியே. புதுப்பித்ததில் அந்த மென்பொருளின் வழுக்கல் நின்றுபோயிருந்தது. கண் உள்ள யாருக்கும் அது தெரியும். அண்ணாவின் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

நான் எழும்பி அதைச் சரிசெய்யப் போனேன். "இரு" என்றார். கொன்ட்ரோலரை மடியில் வைத்து, இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு ஓடவிட்டார். முதலாவது பள்ளம் வந்தது. வாளித்தலையன் விழுந்து கன நேரத்துக்குப் பிறகுதான் பெருவிரல் பொத்தானில் இறங்கியது.

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மெஷின் பிந்துது" என்றார்.

"ஓம் அண்ணா" என்றேன். "மெஷின்தான்."