மயிலாப்பூர் வீட்டுப் பூஜை அறை

அடையாறில் நான் வேலை பார்த்த கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் மதபேதம் என்பதே கிடையாது. நேர்முகத் தேர்விலேயே முதலாளி அதைச் சொன்னார். அடுத்த மூச்சில், அலுவலகத்துக்குள் மட்டும் முக்காட்டைக் கழற்றி வைக்க முடியுமா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். முடியாது என்றேன். பரந்த மனசுக்காரர், வேலை கொடுத்துவிட்டார். வாடிக்கையாளர்களை மட்டும் நான் சந்திக்க வேண்டியதில்லை. அவர்களுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதாம்.

ஆகவே நான் வரைவேன். பக்கத்து மேசைக்காரர் போய் விளக்குவார். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

மயிலாப்பூரில் பழைய வீட்டை இடித்துக் கட்ட, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் எங்களிடம் வந்தார். அவருடைய பூஜை அறையையும் நான்தான் வரைந்தேன். பக்கத்து மேசைக்காரர் வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். ஜன்னல் ஏன் ஓரமாகத் தள்ளியிருக்கிறது என்று டீச்சர் கேட்டதற்கு, அழகுக்காக என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் டீச்சர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"வரைஞ்சவாளைக் கூப்பிடுங்கோ."

வேறு வழியில்லாமல் முதலாளி என்னை அழைத்தார். டீச்சர் என் முக்காட்டைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், மறுபடியும் முக்காட்டைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பற்றிக் கேட்டார். நேர்கிழக்கைப் பக்கத்து அடுக்குமாடி மறைக்கிறது, தை மாதத்தில் சூரியன் தெற்கே தள்ளி உதிப்பதால் அந்த ஓரத்தில் வெயில் கிடைக்கும் என்றேன்.

"திசையெல்லாம் இவ்ளோ துல்லியமா எப்படித் தெரியும் நோக்கு?"

"தினமும் அஞ்சு வேளை பாக்க வேண்டியிருக்கு, மேடம்."

அவர் சிரிக்கவில்லை. இனிமேல் இந்தப் பெண்ணையே அனுப்புங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். என்னை முன்னிறுத்த வேண்டும் என்று தான் வெகுநாளாக யோசித்துவந்ததாக அன்று மாலை முதலாளி எல்லோரிடமும் சொன்னார். அந்த யோசனையை என்னிடம்கூடச் சொல்லாமல் காத்தாரே, அந்த அடக்கம் யாருக்கு வரும்?

வீடு முடியும் தறுவாயில் ஒருநாள் அங்கே அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. இங்கேயே தொழுதுகொள்ளலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் ஒரு கணம் பூஜை அறைப் பக்கம் பார்த்தார்.

"ஹால்ல பண்ணிக்கோ. அங்கதான் ஃபேன் மாட்டியிருக்கு."

எனக்கும் அதுதான் வசதி. சிமெண்ட் மூட்டையைத் தள்ளிவிட்டு விரிப்பைப் போட்டேன். தொழுது முடிக்கும்வரை டிரில்லிங் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார். நான் எழுந்ததும் பக்கத்தில் வந்தார்.

"நெத்தியை வச்சுப் பாத்தியே, தரை மட்டமா இருக்கா?"

வாசல் பக்கம் லேசாகச் சரிகிறது என்றேன். உடனே மேஸ்திரியைக் கூப்பிட்டார்.