பச்சையம்மாவின் மார்புக்கட்டி

லைட்ஹவுஸ் குப்பத்துப் பச்சையம்மாவைப் பொன்னேரி மார்க்கெட்டில் தெரியாதவர்கள் குறைவு. ஆள் ஒல்லி, குரல் பெரிது. நெத்திலி, வாளை, சென்னாகுனி என்று கருவாடு விற்றாள். யாராவது குறைத்துக் கொடுக்கச் சொன்னால், "நீயே போயி வலை இஸ்து, காய வச்சி எடுத்தா, சும்மாவே தரேன்" என்பாள். அளக்கும்போது மட்டும் கை தாராளமாக இருக்கும். அதனால் திட்டு வாங்கியவர்களும் மறுவாரம் அவளிடமே வந்து நின்றார்கள்.

1986-ல் அவளுக்கு நாற்பது வயது இருக்கும். கணவன் செங்கல்வராயன் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன், அதிகம் பேசமாட்டான். ஒரே மகளை எண்ணூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த ஆடிக் காற்று ஓய்ந்த சமயத்தில், குளிக்கும்போது பச்சையம்மாவின் கைக்கு இடது மார்பில் கோலிக்குண்டு போல ஏதோ அகப்பட்டது. அழுத்திப் பார்த்தாள். வலிக்கவில்லை.

வலிக்காததுதான் அவளைப் பயமுறுத்தியது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, சுண்ணாம்புக்குளத்தில் வாழ்ந்த அவள் அக்கா இப்படித்தான் வலியில்லாத கட்டி ஒன்றை யாரிடமும் சொல்லாமல் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். அது புண்ணாகி வாடை வந்த பிறகுதான் வீட்டில் தெரிந்தது. கடைசி மாதங்களில் அவளுக்குத் துணி மாற்றிவிட்டது பச்சையம்மாதான். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா" என்று அப்போது எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். இப்போது தனக்கென்று வந்ததும் அவளும் யாரிடமும் சொல்லவில்லை. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வழக்கம்போலப் பழவேற்காடு ஏரியைக் கடந்து போய்வந்தாள்.

பழவேற்காட்டில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் மார்கரெட், வாரம் ஒருமுறை அவளிடம் நெத்திலி வாங்குவாள். ஒருநாள் கருவாட்டைக் கொடுத்துவிட்டுப் பச்சையம்மா வாசலிலேயே நின்றாள்.

"இன்னும் இன்னா வேணும் உனக்கு?" என்று மார்கரெட் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல நர்ஸம்மா. எங்க குப்பத்துல ஒருத்திக்கு மார்ல கட்டி மாதிரி கீதாம். வலி இல்லியாம். அதுக்கு இன்னா பண்றதுன்னு கேட்டா."

மார்கரெட் அவள் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த ஒருத்திய உள்ள வரச் சொல்லு. கதவ சாத்திட்டுப் பாக்கறேன்."

பச்சையம்மா உள்ளே போனாள். போனவள் அழுதாள். மார்கரெட் தொட்டுப் பார்த்துவிட்டு, பயப்படாதே என்றோ பயப்படு என்றோ சொல்லவில்லை. "நாளைக்குக் காத்தால மெட்ராசுக்குப் போறோம். உன் வூட்டுக்காரர கூட்டிக்கினு வா" என்று மட்டும் சொன்னாள்.

செங்கல்வராயனிடம் அன்று சாயங்காலம்தான் விஷயம் போனது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவன் கை நின்றது. அவள் அக்காவுக்கு வந்த அதே நோயா என்று கேட்கத் தோன்றியது. ஆனால் கேட்கவில்லை. காலையில் அவளுக்கு முன்பே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படகுத்துறையில் நின்றான்.

சென்னையில் மார்கரெட் அழைத்துப்போன ஆஸ்பத்திரியில், கட்டியை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தையல் பிரிக்கப் போன நாளில் அறுவை சிகிச்சை டாக்டர் இருவரையும் உட்காரச் சொன்னார்.

"மைக்ராஸ்கோப்புல பாத்தா புத்துநோய் மாதிரியும் தெரியுது, அது இல்லாத மாதிரியும் தெரியுது. உறுதியா சொல்ல முடியல. சந்தேகத்தோட விட்டா ஆபத்து. மார்பை எடுத்துடறது ஒரு வழி. ஆனா எங்க திசுப் பரிசோதனை டாக்டரம்மா கொஞ்சம் பொறுக்கச் சொல்றாங்க. அவங்களையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

பச்சையம்மா தலை குனிந்திருந்தாள். செங்கல்வராயன் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"எடுக்கணும்னா எடுத்துடுங்க சார். எனக்கு ஆளு வோணும்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். மார்பை எடுத்தால் அவன் என்ன நினைப்பான் என்பதைத்தான் அவள் இத்தனை நாளும் மனசுக்குள் போட்டு உழற்றிக்கொண்டிருந்தாள். அது அந்த நாற்காலியிலேயே தீர்ந்துபோனது.

திசுப் பரிசோதனை டாக்டர் கஸ்தூரியின் அறை, மாடியின் கோடியில் இருந்தது. அறை முழுக்க மருந்து வாடை. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும் அவருக்கு. வெளிநாட்டில் புதிய பரிசோதனை ஒன்றைப் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"அம்மா, மார்புக்குள்ள பால் வர்ற சின்னச் சின்னக் குழாய்ங்க இருக்கு. ஒவ்வொரு குழாயைச் சுத்தியும் வெளிப்பக்கமா ஒரு வரிசை செல் இருக்கும். சாதாரணக் கட்டின்னா அந்த வரிசை அப்படியே இருக்கும். பரவுற புத்துநோய்னா அது இருக்காது. உங்க கட்டியில எல்லாம் நசுங்கி நெருக்கிக்கிட்டு இருக்கறதால, வரிசை இருக்கா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியல."

"அப்பறம் எப்படிம்மா தெரியும்?"

"ஆன்டிபாடின்னு ஒண்ணு இருக்கு. அந்த வெளிவரிசை செல்லுல இருக்கற புரதத்தை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கும். வேற எதுலயும் ஒட்டாது. ஒட்டின இடத்துல பழுப்பு நிறம் வர்ற மாதிரி நாங்க பண்ணுவோம்."

பச்சையம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"அது ஒட்டினா நல்லதா, ஒட்டலன்னா நல்லதா? அத்த மட்டும் சொல்லும்மா."

கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்தது. "ஒட்டினா நல்லது."

ஆனால் அந்த மருந்து கையில் இருந்தது தீர்ந்துவிட்டது, வெளிநாட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் வரவேண்டும், சில வாரங்கள் ஆகும் என்று அவர் சொன்னார். அந்தச் சில வாரங்களால் கெடுதல் ஒன்றும் வந்துவிடாது என்று இரண்டு டாக்டர்களும் சொன்னார்கள். பச்சையம்மா தலையை ஆட்டினாள். ஆனால் நம்பவில்லை. கைவிட்டவர்களிடம்தான் இப்படி இதமாகப் பேசி வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று ரயிலில் நினைத்துக்கொண்டே வந்தாள்.

ஐப்பசி மழை பிடித்தது. கருவாடு காயவைக்க வழியில்லை. கையில் வேலை இல்லாததால் பயம் பெருத்தது. எண்ணூரிலிருந்து மகளை வரவழைத்து, பெட்டியில் இருந்த இரண்டு பட்டுப்புடவைகளையும் கொடுத்தாள். மகள் வாங்க மாட்டேன் என்றாள். அதற்கும் ஒரு சண்டை நடந்தது. செங்கல்வராயன் மட்டும், கடலுக்குப் போகாத நாட்களில், அடுப்படியில் உட்கார்ந்து சோறு வடித்தான். கஞ்சியோடு பாதிச் சோறும் போனது. அவள் திட்டினாள். அவள் திட்டுவதைக் கேட்டு அவனுக்கு நிம்மதியாக இருந்தது. திட்டி முடித்ததும், "ஒட்டும்மே. கண்டிப்பா ஒட்டும்" என்பான். அந்த ஒரு சொல்லைத் தவிர அந்த மாதம் முழுக்க அவன் வேறு ஆறுதல் சொன்னதில்லை.

அப்புறம் ஒருநாள் அவள் எல்லம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். எல்லம்மா செங்கல்வராயனின் தம்பி மனைவி. மீன் காயப்போடும் மணலில் யார் இடம் எதுவரை என்று தகராறு வந்ததிலிருந்து, நாலு வருடமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. எல்லம்மா வந்து வாசப்படியிலேயே நின்றாள்.

"பொன்னேரி மார்க்கெட்ல நான் குந்துற இடத்த இனிமே நீ எடுத்துக்கோ. வேப்பமரத்து நெழலு. ஆளுங்களும் பழக்கப்பட்டவங்க. வேற எவளாவது வந்து புடிக்கறதுக்குள்ள போயி குந்து" என்றாள் பச்சையம்மா.

எல்லம்மா வாசப்படி தாண்டி உள்ளே வந்தாள்.

"நான் பாத்துக்கறேன் யக்கா" என்றாள். "எடுத்துக்கறேன்னு சொல்லல. பாத்துக்கறேன்னுதான் சொல்றேன்."

மழை விட்டு, ஏரியில் முறை வைத்து இறால் பிடிக்கும் பாடு நடந்துகொண்டிருந்த கார்த்திகையில் மார்கரெட்டிடமிருந்து ஆள் வந்தது. டாக்டரம்மா உடனே வரச் சொன்னாராம். நல்லதா கெட்டதா என்று வந்தவனுக்குத் தெரியவில்லை. செங்கல்வராயனும் அவளும் முதல் படகைப் பிடித்தார்கள்.

மாடிக் கோடி அறையில் கஸ்தூரி அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஒட்டியிருக்கும்மா."

பச்சையம்மாவுக்குக் காதில் விழுந்தது. ஆனால் அர்த்தம் உள்ளே இறங்கவில்லை. "இன்னா சொன்னீங்க?" என்றாள்.

"ஒட்டியிருக்கு. நல்லா, எல்லாக் குழாயைச் சுத்தியும். உங்களுக்குப் புத்துநோய் இல்ல. அது சாதாரணக் கட்டி. முழுசா எடுத்தாச்சு. மார்பை எடுக்கத் தேவையில்ல. வாங்க, நீங்களே பாருங்க."

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபோது அவளுக்கு முதலில் தன் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. கஸ்தூரி அவள் தலையைப் பிடித்துச் சற்று நகர்த்தினார். அப்போது தெரிந்தது. வெளிறிய நீலத்தில் குட்டிக் குட்டி வட்டங்கள், நசுங்கிய வட்டங்கள், நீண்டு வளைந்தவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும், மருதாணி போட்ட நகக்கண் மாதிரி, மெல்லிய பழுப்புக் கோடு. ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் இருந்தது.

"இது என்னுதுதானா? வேற யாரோடதாவது மாறிப் போயிருந்தா?"

கஸ்தூரி கட்டியின் துணுக்கை வைத்திருந்த கண்ணாடிச் சில்லின் ஓரத்தில் எழுதியிருந்த எண்ணையும், அவள் கையில் கொண்டுவந்த சீட்டில் இருந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பச்சையம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ரூபாய் நோட்டும் பஸ் எண்ணும் பார்த்துப் பழகிய கண். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தது. "நீயும் பாரு" என்று கணவனை இழுத்தாள். அவன் குனிந்து பார்த்தான். என்ன பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது. கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது.

கிளம்பும்போது கஸ்தூரி கேட்டார். "இந்தச் சில்லை வெச்சு மாணவர்களுக்குப் பாடம் நடத்தலாமா? உங்க கட்டி மாதிரி குழப்பமான கட்டியில இந்தப் பரிசோதனை எவ்வளவு உதவும்னு அவங்களும் தெரிஞ்சுக்கணும்."

"என் பேர சொல்வீங்களா?"

"சொல்லமாட்டோம். அது வழக்கமில்ல."

"சொன்னாலும் பரவால்ல" என்றாள் பச்சையம்மா.

திரும்பும் ரயில் மத்தியான வெயிலில் கூட்டமில்லாமல் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவள் மீஞ்சூர் வருவதற்குள் தூங்கிப்போனாள். ஆடியிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. வாய் லேசாகத் திறந்து, தலை கணவன் தோளில் விழுந்து, அப்படி ஒரு தூக்கம். அனுப்பம்பட்டு போனது. பொன்னேரி வந்தது. செங்கல்வராயன் எழுப்பலாமா என்று கையைத் தூக்கினான். பிறகு மடியில் வைத்துக்கொண்டான். ரயில் கிளம்பிவிட்டது. கும்மிடிப்பூண்டியில் ரயில் நின்று, ஆட்கள் எல்லாம் இறங்கிய பிறகுதான் அவள் கண் விழித்தாள்.

"இது எந்த ஊர்யா?"

"கும்முடிப்பூண்டி."

"பொன்னேரி இன்னா ஆச்சி?"

"பூட்ச்சி. நீ தூங்கினு இருந்த."

அவள் திட்டத் தொடங்கினாள். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு வெளியே ஆளுக்கு ஒரு டீயும் மசால் வடையும் சாப்பிட்டுவிட்டு, வந்த ரயிலிலேயே திரும்பினார்கள்.

பொன்னேரி மார்க்கெட் விஷயம் மிச்சம் இருந்தது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. தை பிறந்து கருவாடு காயத் தொடங்கியதும், மார்க்கெட்டின் வேறு மூலையில் உட்காரலாம் என்று முடிவு செய்துகொண்டு கூடையோடு போனாள். வேப்பமரத்தடியில் எல்லம்மா இருந்தாள். இவளைக் கண்டதும் தன் கூடையை ஒரு பக்கமாக நகர்த்தி, பக்கத்தில் சாக்கை விரித்தாள்.

"எங்க போற? குந்து."

"உனக்குக் குடுத்த இடம்."

"பாத்துக்கறேன்னுதானே சொன்னேன். பாத்துக்கினேன். உன் ஆளுங்க எல்லாம் உன்ன கேட்டு என் உயிர எடுக்கறாங்க. அளக்கறது பத்தலன்னு வேற சொல்றாங்க. வந்து நீயே பேசிக்கோ."

அன்றிலிருந்து இருவரும் ஒரே சாக்கில் உட்கார்ந்தார்கள். மணல் தகராறு அதற்குப் பிறகும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் தகராறு செய்துகொண்டே பக்கத்தில் பக்கத்தில் விற்றார்கள்.

பச்சையம்மாவிடம் ஒரு பழக்கம் மட்டும் புதிதாக வந்தது. கருவாடு கொடுக்கும் வீடுகளில் பெண்களைத் தனியே அழைத்து, "குளிக்கறப்போ தொட்டுப் பாக்கறியா?" என்று கேட்பாள். சிலர் வெட்கப்பட்டார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். பழவேற்காட்டுப் பள்ளிவாசல் தெருவில் கைருன் பீவி மட்டும் மறுநாள் அவளைத் தேடித் துறைக்கே வந்தாள். இரண்டு வருடம் கழித்து நடந்தது இது. பச்சையம்மாவே அவளைக் கஸ்தூரியிடம் அழைத்துப்போனாள்.

கைருன் பீவிக்கு வந்தது புற்றுநோய்தான். ஆனால் சிறியதாக இருக்கும்போதே பிடித்துவிட்டார்கள். மார்பை எடுக்க வேண்டியிருந்தது. பச்சையம்மா ஆஸ்பத்திரியில் அவள் கூடவே இருந்தாள். தன் கதையைச் சொல்லி ஆறுதல்படுத்தவில்லை. தனக்கு வாய்த்தது அவளுக்கு வாய்க்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். சோறு ஊட்டிவிட்டாள், தலை வாரிவிட்டாள், பக்கத்துக் கட்டில்காரியோடு தண்ணீருக்குச் சண்டை போட்டாள்.

அதற்குள் கஸ்தூரியின் பரிசோதனைக் கூடத்தில் வேறு வகை ஆன்டிபாடிகளும் வந்திருந்தன. கைருன் பீவியின் புற்றுநோய், பெண் உடம்பில் சுரக்கும் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளர்கிற வகையா என்று ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். அந்த வகைதான். அப்படியென்றால் அந்த ஹார்மோனை அண்டவிடாத மாத்திரை இருக்கிறது, தினமும் ஒன்று போட்டுக்கொண்டால் திரும்பி வருவதைப் பெரும்பாலும் தடுக்கலாம் என்று கஸ்தூரி விளக்கினார்.

"மாத்திரைதானா? வேற ஒண்ணும் வேணாமா?" என்று கைருன் பீவி கேட்டாள்.

"மாத்திரை. அப்புறம் சொன்ன தேதிக்கு வந்து என்கிட்ட காட்டணும். அவ்வளவுதான்."

கைருன் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டாள். படியிறங்கும்போது பச்சையம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெருநாளைக்கு மகனுக்குப் பெண் பார்க்கப் போகவேண்டும், நெல்லூர்ப் பக்கம் ஒரு பெண் இருக்கிறாளாம், நீயும் கூட வரவேண்டும் என்றாள்.

"நான் எதுக்கு?"

"பொண்ணு வாய் பேசுமான்னு பாக்கணுமே. நீ கேட்டா எவளும் பதில் சொல்லாம இருக்கமாட்டா."

பச்சையம்மா வருவதாக ஒப்புக்கொண்டாள்.