இரண்டாவது பெட்டியைக் காணவில்லை

நண்டு வாங்கிச் சதை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கொம்பனியில் நான் நிறுவைக்காரனாக இருந்தேன். வங்காலைப் பக்கம், கடலைப் பார்த்த கட்டடம். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து குடியேறிக்கொண்டிருந்த காலம். என் மேசைக்குப் பின்னால் எந்நேரமும் ஏசி போட்டிருக்கும் ஒரு சின்ன அறை இருந்தது. அதற்குள்தான் சேர்வர். நான் நிறுக்கிற நண்டின் கணக்கும் குளிர் அறைகளின் வெப்பநிலையும் அந்தக் கொம்பியூட்டருக்குத்தான் போகும்.

அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு இரண்டு காரணங்கள். மேசை பக்கத்தில் இருந்தது. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்தில் ஒரு எஸ், சும்மா பாஸ், எடுத்திருந்தேன். வேறு தகுதி எனக்கு இல்லை. போனில் ஆட்களோடு கதைக்க வேண்டி வந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லித் தள்ளிப்போடுவேன்.

அந்த இயந்திரத்துக்கு முதுகில் இரண்டு பவர் சப்ளை. செங்கல் அளவில் இரண்டு இரும்புப் பெட்டிகள், பக்கத்துப் பக்கத்தில் செருகியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வயர். ஒன்று செத்தால் மற்றது சுமக்கும் என்று பூட்டிக் கொடுத்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டும் எப்படி இருக்கின்றன என்பதை இயந்திரமே கவனித்து என் மேசைத் திரையில் காட்டும். இரண்டு பச்சைப் புள்ளிகள். காலையில் வந்ததும் அவற்றைப் பார்ப்பேன். அதோடு என் சேர்வர் வேலை முடிந்துவிடும்.

அறையைக் கூட்டித் துடைப்பவர் பெரியமடுவில் இருந்து முதல் பஸ்ஸில் வரும் ஒரு அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர்களுக்கு வயல் இருந்தது. ஆனால் மிதிவெடி எடுத்து முடியவில்லை என்று சிவப்பு நாடா கட்டி அடைத்திருந்தார்கள். புருசனுக்கு நெஞ்சு வருத்தம். வீட்டில் அடுப்பு எரிந்தது அக்காவின் சம்பளத்தில்தான்.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எரிகிற லைட்டைக் கண்டால் நிறுத்துவார், சுற்றுகிற ஃபானைக் கண்டாலும் நிறுத்துவார். பல வருசம் குப்பி விளக்கோடு காடு காடாக அலைந்து, முகாமில் ஒரு மின்குமிழை நாலு குடும்பம் பங்கு போட்டு, திரும்பி வந்த பிறகு வீட்டுக்குக் கறண்ட் எடுத்தவர். விறாந்தை லைட் பகலில் எரிந்தால் அவருக்கு உடம்பு கூசும். நண்டு உடைக்கிற பெண்கள் பகிடி பண்ணாமல் விடமாட்டார்கள்.

"அக்கா வாறா, அசையாமல் இருங்கோடி. எங்களையும் நிப்பாட்டிப் போடுவா."

"உந்த றோட்டிலை திரியுற கழுதையளுக்கும் ஒரு சுவிட்ச் இருந்தால் அக்கா ஒண்டையும் விட்டு வைக்கமாட்டா, என்ன?"

"கழுதைக்கு பில் வாறேல்லைப் பிள்ளை," என்பார் அக்கா. "அதாலதான் விட்டு வைச்சிருக்கிறன்."

ஒரு நாள் காலை திரையில் ஒரு புள்ளி சிவப்பாக இருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். இரண்டாவது பவர் சப்ளையைக் காணவில்லை, கழற்றப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தது. அறைக்குள் ஓடினேன். அக்கா அப்போதுதான் துடைத்துவிட்டு வெளியே வந்திருந்தார், தரை ஈரம். பின்னால் குனிந்து பார்த்தால் இரண்டு பெட்டியும் இருந்த இடத்திலேயே இருந்தன. இரண்டிலும் பச்சை விளக்கு. வயர்களும் இறுக்கமாகத்தான் இருந்தன. திரும்பி வந்து பார்த்தபோது திரையிலும் பச்சை.

அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே வந்தது, பெரும்பாலும் காலையில். மனேச்சர் என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தார். பிறகு வாளியோடு நின்ற அக்காவைப் பார்த்தார்.

"உந்த வயரை ஏன் கழட்டுறீங்கள்?"

"நான் கழட்டேல்லைச் சேர்."

"கழட்டினதெண்டு மெசின் சொல்லுது. பின்னை பேயோ கழட்டினது?"

"பிள்ளையாராணை, அந்தப் பக்கம் துடைப்பம்கூட போறேல்லைச் சேர். ஃபானை நிப்பாட்டுறனான். லைட்டை நிப்பாட்டுறனான். இதைத் தொடக்கூடாதெண்டு தம்பி முதல் நாளே சொன்னவர்."

"ரெண்டு வயர் என்னத்துக்கு, ஒண்டு காணுமெண்டு நினைச்சிருப்பீங்கள்," என்றார் மனேச்சர். அங்கே நின்ற எல்லோருக்கும் அது நம்பக்கூடியதாகவே இருந்தது. பகிடி பண்ணிய பெண்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு தரம் இப்படி நடந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டு மனேச்சர் போனார்.

அன்று முதல் அக்கா அந்த அறைக்குள் போகவில்லை. நானே கூட்டினேன், கதவைப் பூட்டித் திறப்பை நானே வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் பச்சையாக இருந்தது. மூன்றாம் நாள் சிவப்பு வந்து அப்படியே நின்றுவிட்டது. எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. மனேச்சரிடம் போய், அறை பூட்டியிருந்தது, யாரும் போகவில்லை என்றேன்.

"ஒருக்கா இழுத்து லூசாக்கினால் பிறகு லூசுதானே," என்றார்.

கொழும்பில் இயந்திரம் பூட்டியவர்களின் ஆள் ஒருவர் இருந்தார். அவருக்குப் போன் எடுக்க எனக்கு ஒரு பகல் முழுக்க மனம் வரவில்லை. எடுத்தபோது, நல்ல காலம், அவர் தமிழில் கதைக்கும் ஒரு இளைஞர்.

"அண்ணே, பின்னால லைட் என்ன கலர்ல எரியுது?"

"பச்சை."

"ஸ்கிரீன்ல?"

"சிவப்பு. காணேல்லையாம்."

"அப்ப ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு சோதனை சொன்னார். படகு வராத நேரம் பார்த்து இயந்திரத்தை முறையாக நிறுத்த வேண்டும். இரண்டு பெட்டியையும் உருவி இடம் மாற்றிச் செருக வேண்டும், வயர்களையும் மாற்ற வேண்டும். சிவப்பு பெட்டியோடு கூடப் போனால் பெட்டி பழுது. போகாமல் இரண்டாவது இடத்திலேயே நின்றால் பழுது இயந்திரத்தில்.

மத்தியானம் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு செய்தேன். பெட்டியை இழுக்கும்போது உள்ளே ஏதோ உடைந்ததுபோல ஒரு சத்தம். அறை வாசலுக்கு வெளியே, உள்ளே கால் வைக்காமல், அக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செருகி முடித்து இயந்திரத்துக்குச் சுவிட்ச் போட்டேன். அது எழும்பி வந்ததும் மேசைக்குப் போய்த் திரையைப் பார்த்தேன்.

சிவப்பு இரண்டாவது இடத்திலேயே நின்றது.

"அப்ப பெட்டியும் நல்லது, வயரும் நல்லது," என்றார் போனில் இருந்தவர். "பெட்டி செருகுற இடத்துல பெரிய பின்னும் இருக்கு, சின்னப் பின்னும் இருக்கு அண்ணே. பெரிசுல கரண்ட் வரும். நான் இருக்கேன்னு சேதி சொல்றது சின்னது. அந்தச் சேதிதான் வரல்லன்னு நினைக்கிறேன். கடல் பக்கம்தானே நீங்க? உப்புக் காத்து பின்னை அரிச்சிருக்கும்."

"அப்ப கறண்ட் வருதோ?"

"வரணும். மொதலாவது நின்னாத்தான் நிச்சயமாத் தெரியும். சும்மா நிறுத்திப் பாக்காதீங்க. அந்தப் பின் இருக்குற போர்டை மாத்தணும்னு உங்க சேர்ட்ட சொல்லுங்க."

அக்காவுக்குச் சொன்னேன். "உங்களாலை இல்லை அக்கா. உப்புக் காத்தாம்." அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போய்ச் சொல்லுங்கோ தம்பி," என்றார்.

போனேன். வழியில் நான்கு வசனங்களை மனதில் அடுக்கிக்கொண்டு போய், இரண்டைச் சொன்னேன். மனேச்சர் கோபப்படவில்லை. கதிரையில் இருக்கச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அந்தக் கொழும்புப் பொடியன் பார்த்துச் சொன்னவனோ, நினைச்சுச் சொன்னவனோ?"

"நினைச்சுத்தான், சேர்."

"போர்ட் மாத்த வேணுமெண்டால் நான் மேலிடத்துக்குக் காரணம் சொல்ல வேணும். உப்புக் காத்தெண்டு சொன்னால், அறையை ஏன் கடல் பக்கம் வைச்சதெண்டு கேப்பாங்கள். வைச்சது ஆரெண்டு உமக்குத் தெரியும்தானே?"

தெரியும். கொம்பனி முதலாளியின் மைத்துனர்.

"அந்தப் பின் எப்பிடிப் பழுதாகும்? கழட்டிக் கழட்டி மாட்டினால் பழுதாகும். கழட்டினது எண்டு மெசினிலையும் கிடக்கு. நான் வேறென்ன சொல்ல?"

"அவ கழட்டேல்லைச் சேர். எனக்குத் தெரியும்."

"நீர் கண்டனீரோ கழட்டாததை?"

கழட்டாததை எப்படிக் காண்பது? அவர் போனைக் கையில் எடுத்தார். நான் வெளியே வந்தேன்.

மாதம் முடிய அக்காவை நிறுத்தினார்கள். அவர் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. வாளியையும் துடைப்பத்தையும் மூலையில் கழுவி வைத்தார். என் மேசையடியில் வந்து, "என்ரை பேரைச் சொல்லிச் சொல்லி நீங்கள் கெட்ட பேர் எடுக்க வேண்டாம் தம்பி," என்றார். போகிற போக்கில் விறாந்தை லைட்டை நிறுத்திவிட்டுப் போனார். கை தன்பாட்டுக்குப் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

போர்ட் வரவில்லை. மேலிடத்தில் இருந்து ஒரு பதிலும் வரவில்லை. சிவப்புப் புள்ளி இருந்தபடியே இருந்தது. புதிதாக ஒரு பெண் கூட்ட வந்தார்.

சோளகக் காற்று பலமாக வீசத் தொடங்கியிருந்த ஒரு முற்பகல், அறைக்குள் இருந்து எரிந்த மணம் வந்தது. திறந்து பார்த்தேன். முதலாவது பெட்டியின் விளக்கு அணைந்திருந்தது, தொட்டால் சுட்டது. ஆனால் இயந்திரத்தின் இரைச்சல் நிற்கவில்லை. மேசைக்கு ஓடி வந்தேன். திரையில் இப்போது இரண்டு சிவப்பு. முதலாவது செத்துவிட்டது, இரண்டாவதைக் காணவில்லை. திரை சொல்வதைக் கேட்டால் அந்த இயந்திரத்துக்கு எங்கிருந்தும் கறண்ட் இல்லை. அது ஓடிக்கொண்டிருந்தது. குளிர் அறைகளின் எண்களும் வந்துகொண்டிருந்தன.

மனேச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "பாருங்கோ சேர். ரெண்டாவதிலைதான் நிக்குது. அண்டைக்குச் சொன்னது சரி. அதை ஒருத்தரும் கழட்டேல்லை."

அவர் முன்னும் பின்னும் பார்த்தார். விளங்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன், முகம் அப்படி இருந்தது.

"ஓடுதுதானே? ஒருத்தரும் தொடாமல் விடுங்கோ," என்றார். போய்விட்டார்.

நானாக எவருக்கும் போன் எடுக்கிறவன் இல்லை. அன்று எடுத்தேன். அக்காவின் பக்கத்தில் காற்றும் மண்வெட்டிச் சத்தமும் கேட்டன. குளத்துக்கட்டு வேலைக்குப் போயிருந்தார்.

"அக்கா, அது ஓடுது."

"எது தம்பி?"

"ரெண்டாவது பெட்டி. காணேல்லை எண்டு சொன்னதுதான் இப்ப முழு மெசினையும் காவுது. மற்றது எரிஞ்சு போச்சு."

மண்வெட்டிச் சத்தம் தூரமாயிற்று; தள்ளி வந்திருப்பார்.

"மனேச்சருக்குக் காட்டினீங்களோ?"

"காட்டினனான்."

"என்னவாம்?"

"ஒருத்தரும் தொடாமல் விடட்டாம்."

அக்கா சிரித்தார். நல்லாகச் சிரித்தார். "அதைத்தானே தம்பி நானும் செய்தனான்," என்றார்.

வேலைக்குத் திரும்பக் கூப்பிடுவார்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டே போனைப் பிடித்திருந்தேன். கேட்டது வேறு.

"விறாந்தை லைட் எரியுதோ?"

எட்டிப் பார்த்தேன். நடுப்பகல் வெயிலில் அது எரிந்துகொண்டிருந்தது.

"எரியுது அக்கா."

"நிப்பாட்டுங்கோ," என்றார். யாரோ அவரை வேலைக்குக் கூப்பிடுவது கேட்டது. போன் நின்றது.

எழுந்து போய் நிறுத்தினேன். திரும்பி வந்து கதிரையில் இருந்து, இரண்டு சிவப்புப் புள்ளிகளையும் பார்த்துக்கொண்டு, பின்னால் கேட்ட இரைச்சல் நின்றுவிடுமோ என்று காது கொடுத்தபடி அன்றைய நண்டைத் தராசில் நிறுத்தேன்.